சஹன் நுழையும் அகலம்

ராத்தா,

சுவரின் சாந்து ஒரு கையளவு உடைந்து விழுந்தபோது உள்ளிருந்து புகை மணம் வந்தது. ஈரச் சீமெந்தையும் புதுப் பலகையின் பசையையும் நாட்கணக்கில் சுவாசித்துச் சலித்துப் போயிருந்த எனக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று சற்று நேரம் விளங்கவில்லை. முகத்தைச் சுவரருகே கொண்டுபோனேன். விறகடுப்புப் புகை. அதனுள் பொரித்த மீனும் அடிப்பிடித்த தேங்காய்ப்பாலும் கலந்திருந்தன. நம் இரு வீடுகளிலும் விறகு எரிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆயினும் அந்த மணத்தின் உரித்தாளியை நான் தேட வேண்டியிருக்கவில்லை. அது உங்கள் அடுப்பு.

உங்களுக்கு எதையேனும் எழுத வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. நீங்கள் மறைந்த நாள்முதல் ஒவ்வொரு தொழுகையின் பின்னும் உங்கள் பேரைச் சொல்கிறேன். அது போதும் என்றிருந்தேன். இன்று எழுத வைத்தது சமையலறைச் சுவரில் மாட்டிய ஒரு கபட். கேட்டால் சிரிப்பீர்கள். "கபட்டுக்கும் கடிதாசி எழுதத் தொடங்கிட்டாளா இவள்" என்று, கையில் இருக்கும் அகப்பையைச் சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டுச் சொல்வீர்கள்.

என் ஸஹ்ராவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது, ராத்தா. உங்கள் மடியைவிட்டு இறங்க மறுத்து அழுத அதே ஸஹ்ராதான். உம்மா அக்கா தங்கை நம் இருவருக்கும் ஒரே கூரையின் கீழ், நடுவே ஒரு சுவரை நிறுத்தி, ஆளுக்கொரு வீடு தந்தது போல, நான் என் வீட்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னறைக்குப் போக இருக்கிறேன். நம் பகுதியில் பெண்ணை அனுப்புவதில்லை, மாப்பிள்ளையை அழைக்கிறோம். ஆகவே மணப்பெண்ணை அலங்கரிக்கும் முன்னர் வீட்டை அலங்கரிக்க வேண்டியிருக்கிறது. தரைக்கு டைல்ஸ், சன்னலுக்குப் புதுக் கண்ணாடி, சமையலறைக்குப் பென்ட்ரி கபட். இவளின் வாப்பா அறுவடைக் காலமென்று நாவிதன்வெளியில் வயலோடு கிடக்கிறார். தொலைபேசியில் கேட்டால் "நீ பாத்துச் செய்" என்பார். நான் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறேன். சட்டி பானையெல்லாம் கட்டிலின் மீது. கேஸ் அடுப்பு வராந்தாவில். என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

கபட் பூட்ட இருவர் வந்தார்கள். சுவரில் மாட்டும் பெட்டிகள் ஒரே வரிசையாய், தலைக்கு மேல் நீளமாக நின்றன. அவர்கள் துளையிடும் முன்னரே நான் முறையாக எடுத்துரைத்தேன்.

"தம்பிமாரே, இவ்விடத்தில் முன்னொரு காலத்தில் ஒரு திறப்பு இருந்தது. பின்னர் அது அடைக்கப்பட்டது. ஆணி அடிக்கும்போது கவனத்திற் கொள்ளுங்கள்."

அவர்களில் மூத்தவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"ரீச்சரா மாமி?"

"இல்லை."

"கதைக்கிறது அப்பிடி இரிக்கி. பயப்புடாதீங்க. இந்தச் சுவர்ல யானையக் கட்டித் தொங்கவுட்டாலும் நிக்கும்."

யானையை எவரும் தொங்கவிடவில்லை. ஸஹ்ரா கலியாணத்துக்கென்று வாங்கிய பீங்கான்களில் பாதியை அடுக்கினாள்; மீதியைக் கடைக்காரர் பொதிந்து கொடுத்தபடியே பெட்டியில் விட்டாள். ஓரிரு நாட்களில் கபட்டின் கதவுகள் தாமாகத் திறக்கத் தொடங்கின. மூடிவிட்டுத் திரும்பினால், முதுகுக்குப் பின்னால் ஒரு முனகலோடு மெல்லத் திறக்கும்.

"உம்மா, பெரியும்மா வந்து தேயிலப் போத்தலத் தேடுறா" என்று ஸஹ்ரா பகிடி பண்ணினாள். நான் சிரித்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். கபட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் என் பெருவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. முழு வரிசையும் முன்னால் சரிந்து, நமக்கு ஸலாம் சொல்லக் குனிந்தது போல நின்றது.

கபட் கடைக்காரர் தொலைபேசியில் சுருக்கமாக முடித்துவிட்டார்: "அது சுவர்ட பிழை மாமி. எங்கட பிழையில்ல."

பிழை யாருடையதாயினும் விழப்போவது என் தலையில். பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அடுத்து வீடு பார்க்க வருவார்கள். வந்தால் முதலில் நுழைவது சமையலறைக்குள். ஸஹ்ராவின் கவலை அது. நானும் அவளுமாகப் பீங்கான்களை இறக்கினோம். கதவுகளைக் கழற்றி, பெட்டிகளுக்குக் கீழே நெல் மூட்டைகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, பாரத்தை அதில் தாங்கவிட்டுத் திருகாணிகளை எடுத்தோம். நடுப்பகுதியின் ஆணிகளைத் திருக வேண்டியே இருக்கவில்லை. விரலால் இழுக்க, தம்மைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் ஆப்போடு, கூடவே ஒரு பிடி மண்ணோடு கையில் வந்தன. பெட்டிகளை இறக்கிய பின் அந்த இடத்தைத்தான் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். சாந்து உடைந்தது. உள்ளே செங்கற்கள், கறுத்துப் போன செங்கற்கள். சீமெந்தே இல்லாமல், புத்தகங்களை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்துதான் உங்கள் புகை வந்தது.

அந்தத் திறப்புக்கு நீங்கள் அளவு குறித்த காலையை நான் இன்றும் மறக்கவில்லை. உம்மா வீட்டைத் தந்து, நாம் ஆளுக்கொரு பக்கம் உலை வைக்கத் தொடங்கிய புதிதில், ஒரு கறிச்சட்டியைக் கொண்டு வருவதற்குக்கூட வாசல், வேலி, படலை என்று சுற்றி வர வேண்டியிருந்தது. நீங்கள் அதை இரண்டு நாள் பொறுத்தீர்கள். பிறகு மேசனை அழைத்து, ஆறு பேர் கூடியிருந்து உண்ணும் பெரிய வட்டத் தட்டான சஹனைத் தூக்கிச் சுவரில் வைத்து, அடுப்புக்கரியால் அதைச் சுற்றி வட்டம் கீறினீர்கள்.

"சஹன் நுழையட்டும். மத்ததெல்லாம் தானா நுழையும்."

மேசன் வட்டத்தைச் சதுரமாக்கி, புகை போகட்டுமென்று மேலே கொங்கிரீட் பீம் வரைக்கும் நீட்டி வெட்டினார். அதன் பின் நமக்கு இரண்டு வீடு என்பது பேருக்குத்தான். நோன்பு காலத்தில் உங்கள் கஞ்சி இங்கே வரும், என் சம்பல் அங்கே போகும். பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தால் கொத்தமல்லித் தண்ணீர் எந்தப் பக்கத்து அடுப்பில் கொதிக்கிறது என்பதே தெரியாது.

ஆனால் அத்திறப்பால் எனக்கு வந்து சேர்ந்த பெருஞ்செல்வம் உணவன்று. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நீங்கள் அதுவும் இல்லை. எனக்கிருந்த தமிழெல்லாம் கடைப் பொதிகளில் வந்த தமிழ். சீனி சுற்றிய தாள், கருவாடு சுற்றிய தாள், பருப்புச் சரை. ஒவ்வொன்றையும் தட்டி, விரித்து, நீவி வாசித்தேன். புரியாத சொல்லைக் கரியால் சுவரில் எழுதிவைத்து, நூலகத்துக்குப் போகும் நாளில் அகராதியில் தேடினேன். அப்படித்தான் "ஆயினும்" என்றும் "பொருட்டு" என்றும் எழுதக் கற்றேன். எனக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பதை இன்றும் நான் தலைநிமிர்ந்தே சொல்வேன். ஆனால் கேட்பதற்கு ஒருவர் இருந்தார்.

நீங்கள் அந்தப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டே, "இண்டைக்கு என்னகா செய்தி?" என்பீர்கள். நான் இந்தப் பக்கம் நின்று உரத்து வாசிப்பேன். பொதித் தாள் அல்லவா, எந்தச் செய்தியும் முழுமையாக இராது. ஒரு பெண் கடற்கரையில் ஒரு தங்கக் காப்பைக் கண்டெடுத்தாள். அதை உரியவரிடம் ஒப்படைக்கும் பொருட்டு அவள்... அத்தோடு தாள் கிழிந்திருக்கும்.

"பொறகு?"

"தாள் இத்துடன் முடிவுற்றது, ராத்தா."

"தாள் முடிஞ்சா அவள்ட கத முடிஞ்சிருமா? இரி, நான் செல்லுறன்."

பின்பு நீங்கள் சொல்வீர்கள். காப்புக்கு உரியவள் ஒரு மாமியாராகிவிடுவாள். மருமகள் திருடியதாகச் சண்டை பிடித்திருப்பாள். கண்டெடுத்தவள் அவர்களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்வாள். ஒருமுறை மந்திரி ஒருவர் பாலம் திறந்துவைத்த செய்தியில், அந்தப் பாலத்தை நடு ஆற்றோடு நிறுத்தி, மந்திரியைத் தோணியில் கரை சேர்த்தீர்கள். நான் வாசித்த பாதியைவிட நீங்கள் உண்டாக்கிய பாதியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் சொற்களைப் பார்த்து நகைத்தாலும் நீங்கள் ஒரு நாளும் "நிப்பாட்டு" என்றதில்லை. "நீ புத்தகத்தால கதைக்கிறாய். நான் வாயால கதைக்கிறன். ரெண்டும் வேணும்" என்றீர்கள்.

உங்கள் பர்வீனுக்குக் கலியாணம் வந்தபோது அது முடிவுக்கு வந்தது. மாப்பிள்ளை சோறு தின்ன உட்காரும் இடம் திறப்புக்கு நேரே அமைந்திருந்தது. ஒரு நாள் பின்னேரம் நீங்கள் திறப்பின் விளிம்பில் முழங்கையை ஊன்றி நின்று சொன்னீர்கள்:

"புதுசா ஒரு ஆம்புள ஊட்டுக்குள்ள வாறான். நாம ரெண்டு பேரும் இதுக்குள்ளால தலைய நீட்டிக் கத்திக்கிட்டு நிக்க ஏலாகா. அடைக்கத்தான் வேணும்."

"அங்ஙனமாயின், சுவரின் இப்பக்கம் நானும் அப்பக்கம் நீங்களும் என்றாகிவிடுமே?"

"பாத்தியா, கோவம் வந்தாலும் புத்தகத்தாலதான் கோவிக்கிறாய். கொஞ்ச நாளைக்குத்தான்கா."

மேசன் வந்த அன்று நான் அட்டாளைச்சேனைக்கு ஒரு கலியாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்க்கையில் சுவர் ஈரமாய், தட்டையாய், பேச்சற்று நின்றது. நீங்கள் அதே வாரத்தில் விறகடுப்பையும் உடைத்துக் கேஸ் வைத்தீர்கள். மாப்பிள்ளை பழகினார். பேரன் பிறந்தான். கொஞ்ச நாள் என்றது வளர்ந்துகொண்டே போனது. நீங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல், வேலி, படலை என்று சுற்றித்தான் உங்களிடம் வந்தேன்.

பின்பு உங்கள் வருத்தம். கிழமையில் பாதி நாள் ஆஸ்பத்திரி. மீதி நாள் அதன் களைப்பு. நடக்க முடியாமற் போனதும் உங்கள் கட்டிலைச் சமையலறையோடு ஒட்டிய மூலைக்குக் கொண்டுவந்தார்கள். தேவை ஏதுமென்றால் அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவீர்கள். அந்தத் தட்டல் என் பக்கம் அவ்வளவு உரமாய், அவ்வளவு கணீரென்று கேட்கும். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காத பெண்ணுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணியபடி ஓடி வருவேன். வந்தால் நீங்கள் கண்ணை மூடிக் கிடப்பீர்கள். "சும்மாதான் தட்டினன். நீ இரிக்கியா எண்டு பாத்தன்" என்பீர்கள்.

இந்தச் செங்கற்களைக் கண்டபோது எனக்கு இவையெல்லாம் உடனே தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். களைப்பு ராத்தா, பெருங்களைப்பு. எனக்கு அப்போது தோன்றியது, அன்றைய மேசன் சீமெந்தை மிச்சம் பிடித்துவிட்டான் என்பது மட்டுமே. தரை வேலைக்கு வந்திருந்த இப்போதைய மேசனும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார்.

"இதுல ஆணி நிக்காது. கல்ல முழுக்க எடுத்துட்டு கொங்கிரீட் இறுக்கினாச் சரி. நாளைக்கே செய்யலாம். ஆனா அடுத்த ஊட்டுப் பக்கமும் பலகை அணைச்சிக் கட்டோணும். அவங்கள்ட்டக் கேட்டுக்கிங்க."

"செஞ்சி முடிங்க உம்மா" என்றாள் ஸஹ்ரா. "அவங்க பாக்க வார நேரம் செவரு ஓட்டையா நிக்கப்போகுதா?"

எனக்கும் அதுவே நியாயமாகப்பட்டது. முந்தானையின் தூசியைத் தட்டிக்கொண்டு வாசல், வேலி, படலை என்று சுற்றிப் பர்வீனிடம் போனேன். உங்கள் சமையலறை இப்போது பளிச்சென்று இருக்கிறது. சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். நடுவில் ஒரு பெரிய கலண்டர் மட்டும் தொங்குகிறது. நான் விடயத்தை விளக்கினேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"கொங்கிரீட் போட வேணாம் சாச்சி."

"உங்கள் சுவருக்குச் சேதம் வராது, மகள். மேசன் பொறுப்பேற்கிறார்."

"அதுக்கில்ல."

அவள் எழுந்து போய்க் கலண்டரைக் கழற்றினாள். அதன் பின்னால் டைல்ஸ் இல்லை. சஹன் அகலத்துக்கு வெறும் சாந்து; அதில் சுண்ணாம்புகூடப் பூசப்படவில்லை.

"உம்மா இரிக்கிற காலத்துல டைல்ஸ் ஒட்டினம். இந்த எடத்துல மட்டும் கை வைக்கக்கூடாது எண்டுட்டா. எத்தின தரம் பாத்திருக்கீங்க, கலண்டர் மறைச்சிட்டு."

"ஏன் அப்படிச் சொன்னார்?"

"உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்." பர்வீன் என்னைப் பார்த்தாள். "அடைச்ச அண்டைக்கு நான் மருதோண்டி போட்டுக்கிட்டு இதுலதான் குந்தி இரிந்தன். மேசன் சீமெந்து குழைச்சிக்கிட்டு வாறாரு. உம்மா வேணாமெண்டுட்டா. எங்கட பழைய அடுப்புக் கல்லுதான் அது. 'சீமெந்து படாம அடுக்கு. மேலால மட்டும் மெல்லிசாப் பூசு. நாளைக்கு நானே கையால கழட்டிப் போடோணும்' எண்டா. மேசன் சிரிச்சாரு. 'இப்பிடிக் கட்ட எனக்குக் கூலி எதுக்கு' எண்டு கேட்டாரு."

நான் அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

"பிறகு ஏன் கழற்றவில்லை?"

"இவர் பழகட்டும் எண்டா. பொறகு மகன் கைக்குழந்த, தூசி எண்டா. பொறகு உங்களுக்குத் தெரியும்தானே." அவள் கலண்டரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "நீங்க வந்து கேட்பீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தாவோ என்னமோ. 'அவள் இன்னும் புத்தகத்தால கோவமா இரிக்காளா' எண்டு கேப்பா."

ராத்தா, அந்தத் தட்டலின் பலம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உங்கள் கையில் பலம் இருக்கவில்லை. நீங்கள் சுவரில் மெலிந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதில் தட்டியிருக்கிறீர்கள்.

வாசலில் சைக்கிளின் மணி கேட்டது. உங்கள் மருமகன் வந்தார். எவருடைய வருகைக்காகத் திறப்பு அடைக்கப்பட்டதோ அவர். இப்போது தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, நெல் மில்லில் கணக்கெழுதுகிறார். இத்தனை காலத்தில் அவர் என் சமையலறைக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. நானும் அவரோடு நான்கு சொல்லுக்கு மேல் கதைத்ததில்லை. பர்வீன் சொல்வதைக் கேட்டவர், வெறும் சாந்தைப் பார்த்தபடி தலையைச் சொறிந்தார்.

"அப்ப என்னாலதான் அடைச்சிருக்காங்க. இவ்வளவு நாளும் நான் இது ஏதோ கரண்டு வயர் போற எடம் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கன்." பிறகு என் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துச் சொன்னார்: "சின்ன மாமி, ஒண்டு கேக்கட்டா? வந்த புதுசில இந்தச் சுவருக்குள்ளால ஒவ்வொரு நாளும் செய்தி வாசிக்கிற சத்தம் கேக்கும். றேடியோ எண்டு நினைச்சன். மாமி கறிய அடுப்புல உட்டுட்டு இதுல வந்து காத வெச்சிக்கிட்டு நிப்பா. ஒரு நாள் கறி கருகிட்டு. எந்த ஸ்ரேசன் மாமி எண்டு கேட்டன். 'எங்கட ஊட்டு ஸ்ரேசன்தான், தம்பி' எண்டா. அது நீங்களா?"

திறப்பை அடைத்த பின்னும் நான் பொதித் தாள்களை உரத்தே வாசித்து வந்தேன். பழகிய வாய். கேட்க எவருமில்லை என்று எண்ணிக்கொண்டுதான் வாசித்தேன்.

"நான்தான்" என்றேன்.

கொங்கிரீட் வேண்டாமென்று மேசனுக்குச் சொல்லிவிட்டேன். ஸஹ்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அப்ப கபட்ட எங்க உம்மா தொங்கவிடுற, பெரியும்மாட கல்லுலயா?" அவள் கேட்டதும் நியாயம். அவளுக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்கும் இதே சுவர்தான்; பீங்கான்கள் தலையில் விழாமல் நிற்க வேண்டும்; வருகிறவர்கள் முன்னால் அவள் தலைகுனியக் கூடாது. உங்கள் கற்களையும் அசைக்கக் கூடாது. நான் வாசித்த எந்தத் தாளிலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. ஆகவே நானும் மருமகனும் பர்வீனும் அவரவர் பக்கம் நின்று சுவரைப் பார்த்து, சுவரோடு தர்க்கித்து, கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம்.

மரவேலை ஓடாவியிடம் இரண்டு நீளமான பாலை மரச் சட்டங்களை அறுத்து வாங்கினோம். ஒன்று என் பக்கம், மற்றது அவர்கள் பக்கம். இரண்டும் திறப்பைத் தாண்டி, இருபுறமும் நல்ல சுவரின் மீது ஏறி உட்காரும் நீளம். நல்ல சுவர் இருக்கும் இடங்களில் துளையிட்டு, முழுச் சுவரையும் கடந்து போகும் நீள போல்ட்டுகளைச் செருகி, இரண்டு சட்டங்களையும் ஒன்றோடொன்று இறுக்குவது. பிறகு கபட்டைச் சட்டத்தில் மாட்டுவது. பாரம் சுவர் முழுவதற்கும் பரவும். நடுவிலுள்ள கற்களுக்குத் தாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

சொல்வதற்கு எளிது. முதல் துளை சாய்வாகப் போய், அவர்கள் பக்கம் ஒரு டைல்ஸை உடைத்துக்கொண்டு வெளிவந்தது. பர்வீனின் கூச்சல் எனக்கு நேராகவே கேட்டது. இரண்டாவது நன்றாக அமைந்தது. போல்ட்டின் தலை என் பக்கம், நட் அவர்கள் பக்கம். இந்தப் பக்கம் ஒருவர் அசையாமல் பிடித்தால்தான் அந்தப் பக்கம் முறுக்க முடியும். பிடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து வீணாகச் சுழலும்.

"சின்ன மாமி, புடிச்சிருக்கீங்களா?"

"பிடித்திருக்கிறேன்."

"இல்ல, சுத்துது."

"என் வலிமைக்கு எட்டியவரை பிடித்திருக்கிறேன்!"

"றேடியோ சத்தமா வேல செய்யுது, கைதான் வேல செய்யல்ல" என்றார். பர்வீன் சிரித்த சிரிப்பில் ஸஹ்ராவும் சிரித்துவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் வந்து, என் கையோடு தன் கையையும் வைத்துப் போல்ட் முறுக்கும் சாவியை அழுத்திப் பிடித்தாள். நட் இறுகியது. சட்டத்தின் மேல் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவில் வந்து நின்றது. கபட்டை ஏற்றி மாட்டி, கதவுகளைப் பூட்டினோம். மூடிய கதவு மூடியபடியே நின்றது. அவர்கள் பக்கத்துச் சட்டத்தில் பர்வீன் அன்றைக்கே கொளுக்கி அடித்துச் சட்டிகளைத் தொங்கவிட்டுவிட்டாள். மாதத்துக்கு ஒருமுறையாவது நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டுமாம். மரம் காய்ந்தால் தளருமாம். அதற்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.

கபட்டின் கீழே திறப்பின் அடிப்பாகம் சற்றுத் தெரிகிறது. நான் உடைத்த இடத்துக் கல்லை அதனிடத்தில் திரும்ப வைத்தேன். மேசன் சீமெந்தோடு வந்தார். வேண்டாமென்றேன். "மேலால மட்டும் மெல்லிசாப் பூசுங்க" என்று உங்கள் சொல்லைத்தான் சொன்னேன். என் வாயில் அது எனக்கே புதிதாகக் கேட்டது. ஸஹ்ரா அருகில் நின்று பார்த்தாள். ஏனென்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். அவளின் வீட்டில், அவளுக்கும் பர்வீனுக்கும் எப்போது தேவையோ அப்போது கையால் கழற்றலாம். தேவை வராமலும் போகலாம். அவள் கல்லைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய கரியை என் கன்னத்தில் தேய்த்துவிட்டுப் போனாள்.

இன்று காலை பெட்டியில் இருந்த மீதிப் பீங்கான்களை அடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் பொதிந்திருந்தார்கள். இப்போதெல்லாம் சாமான் பிளாஸ்டிக்கில் வருகிறது. தாளை நான் கண்டு கனகாலம். கை தானாகவே விரித்தது, நீவியது. சுவரோரம் நின்று வாசித்தேன். ஏதோ ஓர் ஊரில் ஒரு மூதாட்டி, வழிதவறி வந்த மாடு ஒன்றைத் தன் வளவில் கட்டிவைத்திருக்கிறாள். உரியவர் வரும்வரை அதைப் பராமரிக்கும் பொருட்டு அவள்...

தாள் கிழிந்திருந்தது. நான் நின்றுவிட்டேன்.

சுவருக்கு அப்பால் சட்டி துலக்கும் சத்தமும் நின்றது.

"பொறகு என்னாம் சாச்சி?"

பர்வீன்தான். ஆனால் அந்தக் கேள்வியின் இழுவை அவளுடையதன்று. நான் கபட்டின் கீழே மெலிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். வாசித்துக் காட்டுவதே என் வேலையாக இருந்தது, ராத்தா. மிச்சத்தைச் சொல்வது எப்போதும் உங்கள் வேலை. அதையும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்குக் கால் கடுத்தது. சமையலறை முழுக்கத் தூசி. மாப்பிள்ளை வீட்டார் நாளை வருகிறார்கள்.

"இரி, செல்லுறன்" என்றேன்.